சாலையில் தோல் உரிந்தால்: பைக்கிலிருந்து விழுந்த காயத்தைக் கழுவுவது முதல் தழும்பு மங்குவது வரை

என் வலது முட்டிக்குக் கீழே உளுந்து அளவில் மூன்று நீலப் புள்ளிகள் இருக்கின்றன. பச்சை குத்தியதா என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரி நாளில் ஒத்தக்கடைப் பக்கம், டிராக்டரிலிருந்து சிந்திக் கிடந்த ஜல்லித்தூளில் வண்டி சறுக்கி விழுந்தேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து ஒரு கை காப்பித்தூளை அள்ளி அப்பினார். வீட்டுக்குப் போனதும் அம்மா அதற்கு மேல் மஞ்சள் வைத்தார். ரத்தம் நின்றது. கூடவே கல்தூளும் உள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்கு யாராவது பத்து நிமிடம் குழாயடியில் காலை நீட்டச் சொல்லியிருந்தால் இந்தப் புள்ளிகள் இருந்திருக்காது.

இப்போது மதுரையில் ஒரு சின்ன மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் நர்ஸாக இருக்கிறேன். "சும்மா சிராய்ப்புதான்ணே" என்று நொண்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சும்மா சிராய்ப்பை முதல் நாளே ஒழுங்காகக் கழுவினால் பத்து நாளில் போய்விடும். கழுவாமல் மூடினால் மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் வரும்.

விழுந்த இடத்தில்

முதலில் சாலையை விட்டு ஓரமாக வாருங்கள். மேலூர் சாலையிலோ திருமங்கலம் பக்கம் நான்குவழிச்சாலையிலோ விழுந்துவிட்டு நடுவிலேயே உட்கார்ந்து முட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய ஆபத்து. பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

தோல் காயம் கண்ணில் படும், எரியும். அதனால் எல்லாருடைய கவனமும் அதன் மேலேயே போகும். உயிருக்கு ஆபத்தானது பெரும்பாலும் வெளியே தெரியாது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், வலிப்பு, தூங்கித் தூங்கி விழுவது, நடந்ததை மறந்துபோவது, கழுத்தில் வலி, மூச்சு விடச் சிரமம், ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி வயிறு கல் மாதிரி இறுகுவது. இதில் ஒன்று இருந்தாலும் சிராய்ப்பை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவரின் ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்காதீர்கள். மூச்சு அடைக்கிறது என்றால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம்.

சோடா கொடுக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். விழுந்தவர் வாயில் சோடாவையோ தண்ணீரையோ ஊற்றுவது நம் ஊரில் அன்பின் அடையாளம். ஆனால் நினைவு சரியாக இல்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதும் நல்லது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேலேயே வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி கிளம்பும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி.

அடிபட்ட கையில் இருக்கும் மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் அப்போதே கழற்றுங்கள். அரை மணி நேரத்தில் வீங்கிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறும் அப்படித்தான். அழுக்கும் ஈரமும் அதில் ஊறி நிற்கும். வெட்டச் சொன்னால் முகம் மாறுவார்கள். "சாமி கோவிச்சுக்காது தம்பி, காயம் ஆறினதும் புதுசா கட்டிக்க" என்று சொல்லித்தான் கத்தரிக்கோலை எடுப்பேன்.

உதவ வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விபத்தில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சையை, பட்டியலில் இருக்கும் அரசு, தனியார் மருத்துவமனைகளில் காசு கட்டாமல் பெறலாம். வெளியூர்க்காரர் என்று தள்ள முடியாது. மதுரையில் பெரியாஸ்பத்திரி, அதாவது கோரிப்பாளையம் பக்கத்து அரசு ராஜாஜி மருத்துவமனை, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறது.

எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது

பைக்கிலிருந்து விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும். அதனால் உள்ளங்கை, முழங்கை, முட்டி, இடுப்பெலும்பு, தோள், கணுக்கால் என்று எலும்பு முண்டி நிற்கும் இடங்களில்தான் தோல் போகும். லுங்கி, செருப்போடு ஓட்டியவருக்குக் கால்விரலின் மேல்பக்கமும் சேர்ந்து போகும்.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்து, ஊசி குத்திய மாதிரி புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிந்து, காற்றுப் பட்டாலே எரிந்தால் அது மேல்தோல் மட்டும் போன காயம். ஒரு வாரம், பத்து நாளில் ஆறும். ஈரமாகப் பளபளவென்று, ரத்தம் தாராளமாகக் கசிந்தால் கொஞ்சம் ஆழம். இரண்டு மூன்று வாரம் ஆகும். வெள்ளையாக மெழுகு மாதிரி தெரிந்தாலோ, மஞ்சள் கொழுப்பு தெரிந்தாலோ, தொட்டால் வலியே இல்லை என்றாலோ சந்தோஷப்படாதீர்கள். வலியைச் சொல்லும் நரம்பு முனைகளும் தோலோடு தேய்ந்து போயிருக்கின்றன. "வலிக்கவே இல்லண்ணே" என்று சிரித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருந்திருக்கிறது.

வீட்டில் பார்த்துக்கொள்ளக் கூடியது எது? உங்கள் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மேலோட்டமான காயம், அந்த அளவைத் தாண்டவில்லை, முகத்திலோ பிறப்புறுப்பிலோ மூட்டின் மேலோ இல்லை, உள்ளே கல் புதையவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வெட்டுக்காயம் பிளந்து நின்றால், காயத்துக்கு அடியில் எலும்பு உடைந்த சந்தேகம் இருந்தால், விரல் மடக்க வரவில்லை என்றால் உடனே மருத்துவமனை. தையல் போட வேண்டியதை அன்றைக்கே போட்டுவிட வேண்டும்; "நாளைக்குப் பாக்கலாம்" என்று தள்ளினால் தைக்கும் நேரம் தாண்டிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சின்னக் காயத்தையும் காட்டிவிடுவது நல்லது.

கழுவுவது

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

எந்தத் தண்ணீர் என்று முதல் கேள்வி வரும். குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவினால் சீழ் பிடிப்பது கூடுவதில்லை என்று ஆய்வுகள் பார்த்துச் சொல்லியிருக்கின்றன. சலைன் பாட்டில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தொட்டித் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் கேன் தண்ணீர், அல்லது கொதிக்க வைத்து ஆற்றியது. கண்மாய்த் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் வேண்டாம்.

அரை மணி நேரத்துக்கு முன்பே ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் கழுவுவதைத் தாங்க முடியும். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காயத்தைக் குழாய்க்கு அடியில் நீட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். முதல் நிமிடம் உயிர் போகும். இரண்டாவது நிமிடத்தில் பல்லைக் கடிப்பீர்கள். நாலாவது நிமிடத்துக்குப் பிறகு எரிச்சல் தணிந்து மரத்துப்போகும். பெரும்பாலானவர்கள் முதல் நிமிடத்திலேயே காலை இழுத்துக்கொள்கிறார்கள். கஷ்டமான பாதியைத் தாண்டிவிட்டு லாபமான பாதியை விட்டுவிடுகிறார்கள். குழாய் இல்லையா? தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுப் பிதுக்குங்கள். அந்தப் பீய்ச்சலில் மண் நன்றாகக் கிளம்பும்.

சோப்பைச் சுற்றியுள்ள தோலுக்குப் போட்டு நுரைத்துக் கழுவலாம். காயத்துக்குள் கொஞ்சம் நுரை போனாலும் குடி முழுகாது, தண்ணீரில் போய்விடும்.

கழுவியதும் மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பு, சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது தார், ஜல்லித்தூள், மண். ஈரமான காஸ் துணியால் ஒரே திசையில் மெதுவாகத் துடைத்து எடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மேலாக நிற்கும் கல்லை ஸ்பிரிட்டில் துடைத்த சாமணத்தால் எடுக்கலாம். தார் ஒட்டியிருந்தால் வாசலின் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கிற வேலை வண்டிச் செயினுக்கு மட்டும் இருக்கட்டும்.

இத்தனைக்கும் வராமல் புதைந்து கிடந்தால் தோண்டாதீர்கள். மருத்துவமனைக்கு வாருங்கள், அதுவும் அன்றைக்கே. மரத்துப்போகும் மருந்து கொடுத்துவிட்டு, கிருமி நீக்கிய மென்மையான தூரிகையால் தேய்த்து எடுப்பார்கள். கறுத்த நுரை வழிந்து, அப்புறம் இளஞ்சிவப்பாகி, அடியில் சுத்தமான தோல் தெரியும் வரை தேய்ப்போம். தட்டில் விழும் கல்லின் சத்தமே கேட்கும். ஒரு நாள் தாண்டிவிட்டால் தோல் அதன் மேல் வளரத் தொடங்கும். மூடிக்கொண்ட பிறகு அது பச்சை குத்தியது மாதிரிதான். லேசர் வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதிலும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. முகத்தில் அப்படி விட்டுவிட்டு, கல்யாணப் பேச்சு எடுக்கிற நேரத்தில் வந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எதையெல்லாம் போடக் கூடாது

காப்பித்தூள், மஞ்சள், சாம்பல், சுண்ணாம்பு, பற்பசை, பேனா மை, சிலந்தி வலை: நான் கழுவி எடுத்த பட்டியல் இது. மஞ்சளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சமையல் மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் இல்லை, காயத்தில் அது பசையாகி இறுகும்.

மருந்துக்கடையிலிருந்து வருவதிலும் சிலதை ஒதுக்க வேண்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால் எல்லாம் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்லையும் சுடும். பொங்கி நுரைத்தால் அழுக்கு வெளியே வருகிறது என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. பவுடர் தூவுவது இன்னொன்று. மருந்துப் பவுடரைக் கோலமாவு மாதிரி தூவிக்கொண்டு வருவார்கள். ரத்தத்தோடு கலந்து அது ஓடு கட்டும். அடியில் சீழ் இருப்பது வெளியே தெரியாது. அந்த ஓட்டை ஊற வைத்துப் பெயர்ப்பதில்தான் என் காலை நேரங்களில் பாதி போகிறது. பெட்டாடினை முதல் நாள் சுற்றிலும் துடைக்கப் பயன்படுத்தலாம். தினமும் அதையே உள்ளே ஊற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மூடுவது

"காத்தாட விடுங்க, சீக்கிரம் காயும்" என்பார்கள். காய்வது வேறு, ஆறுவது வேறு. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றியின் தோலில் ஒரே மாதிரி காயங்களை உண்டாக்கிச் சிலதைத் திறந்து விட்டார், சிலதை ஈரம் போகாமல் மூடினார். மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் பரவியது. காரணம் எளிது. பொருக்குக் கட்டிய காயத்தில் புதுச் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டும். ஈரமான காயத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எனவே, கழுவிய காயத்தைச் சுத்தத் துணியால் ஒற்றி, மெல்லியதாக வாசலின் தடவுங்கள். அதன் மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் காஸ், அதாவது வாசலின் தடவிய வலைத்துணி. அது காயத்தில் ஒட்டாது. அதற்கு மேல் மடித்த சாதாரண காஸ், கடைசியாக ரோலர் கட்டு. கட்டிய பிறகு விரல் நுனியை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். நுனி குளிர்ந்தோ மரத்தோ போனால் கட்டு இறுக்கம்.

டி.டி ஊசி

டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. அதனால் சாலைக் காயம் எதுவும் அழுக்குக் காயம்தான். முன்பு போட்டது வெறும் டெட்டனஸ் ஊசி (ஆங்கிலத்தில் TT). இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள் (Td). தமிழில் எழுதினால் இரண்டும் டி.டி-தான், குழப்பம் வேண்டாம். சின்ன வயதில் தடுப்பூசி எல்லாம் முழுசாகப் போட்டவருக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இந்த மாதிரிக் காயத்துக்கு ஒன்று போட வேண்டும். ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் போட வேண்டும் என்பது நம் ஊர்ப் பழக்கம், தேவையில்லை. தடுப்பூசிக் கணக்கே தெரியாது என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், கூடவே வேறு ஊசியும் தேவைப்படலாம்.

அடுத்தடுத்த நாட்கள்

கட்டை தினம் ஒருமுறை மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள். பிய்த்தால் நேற்று வளர்ந்த தோல் துணியோடு வந்துவிடும். குளிக்கலாம். குளித்து முடித்து கட்டை மாற்றினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

மூன்றாவது, நான்காவது நாளில் காயத்தின் மேல் மஞ்சளாக மெல்லிய படலம் வரும். சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து ஓடி வருவார்கள், சிலர் உரசி எடுத்துவிடுவார்கள். வாடை இல்லை, வலி குறைந்துகொண்டே வருகிறது என்றால் அது ஆறும் காயத்தில் வருவதுதான். வலி முதல் நாளை விடக் கூடுவது, சுற்றிலும் சிவப்பு பரவுவது, தொட்டால் சூடு, கெட்டியான நாற்றமுள்ள சீழ், காய்ச்சல், காயத்திலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு: இவை வந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். மற்றபடி எல்லாச் சிராய்ப்புக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை. கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

முட்டியும் முழங்கையும் அசைந்தால் வலிக்கிறதே என்று நீட்டியே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். தினமும் சில தடவை மெதுவாக மடக்கி நீட்டுங்கள்.

பத்தியம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முட்டை தின்றால் சீழ் வைக்கும், பருப்பு ஆகாது, மீனைத் தொடாதே என்று வெறும் ரசஞ்சோறு போடுவார்கள். புதுத்தோல் கட்டப் புரதம்தான் செங்கல். முட்டை, பருப்பு, மீன், பால் எல்லாம் சாப்பிடலாம். ஏற்கெனவே ஒவ்வாமை இருப்பதை மட்டும் தவிருங்கள். பீடி, சிகரெட் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், காயம் தாமதமாகத்தான் ஆறும்.

தனியாகச் சொல்ல வேண்டிய மூன்று

சைலன்ஸர் சூடு. வண்டியிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலில் படுவது. இது தீக்காயம், சிராய்ப்பு இல்லை. உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

சக்கரத்தில் சிக்கிய குதிகால். பின்னால் உட்கார்ந்த குழந்தையின் கால் ஆரக்கம்பிக்குள் போய்விடுகிறது. அன்றைக்குச் சின்னக் கிழிசலாகத்தான் தெரியும். அடியில் தோல் நசுங்கியிருப்பதால் சில நாளில் கறுத்துச் செத்துப்போகும். தையல் போட்டதோடு விட்டுவிடாமல் மருத்துவர் சொன்ன தேதிகளில் காட்டுங்கள். சேலை, துப்பட்டா சுற்றிக்கொள்வதும் இதே சக்கரம்தான். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகாக இல்லை என்று சேலைக் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் அதைத் திருப்பி மாட்டட்டும்.

தோல் பட்டையாக உரிந்து தொங்குவது. வெட்டி எறியாதீர்கள். கழுவி, இருந்த இடத்திலேயே பரப்பி வைத்து, ஈரத் துணி சுற்றி மருத்துவமனைக்குப் போங்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது.

தழும்பும், திரும்ப வண்டியும்

மூடிய புதுத்தோல் முதலில் இளஞ்சிவப்பாக இருந்து அப்புறம் கறுக்கும். நம் நிறத்துக்கு அது இயல்பு. பல மாதம் எடுத்து மெதுவாக மங்கும், மதுரை வெயில் அதை இன்னும் கறுக்க வைக்கும். ஆறு மாதமாவது அந்த இடத்தைத் துணியால் மூடுங்கள், முகத்துக்கு எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். அரிப்பெடுத்தால் தேங்காயெண்ணெய் தடவி வருடலாம், ஆனால் தோல் முழுசாக மூடிய பிறகுதான். தழும்பு தடித்து எழும்பினால் சிலிகான் ஜெல் உதவும். மூன்று வாரம் தாண்டியும் மூடாத காயத்தை, தழும்பு தடிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மருத்துவமனையில் விபத்து என்று பதிவு செய்தால் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். முதல் நாள் காயத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கேட்கும்போது காயம் ஆறியிருக்கும்.

எப்போது மறுபடி ஓட்டலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். கட்டோடு உள்ளங்கை கிளட்சைப் பிடிக்காது. வலது முட்டி முழுசாக மடங்கி, பின் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து பத்துத் தடவை மிதித்துப் பாருங்கள். அதற்கு முன் வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விழுந்த வண்டியில் ஹேண்டில் கோணியிருக்கும், பிரேக் லீவர் வளைந்திருக்கும். ஹெல்மெட்டில் கீறல் விழுந்திருந்தால் அதைப் பரணில் போட்டுவிட்டு, ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள புதியது வாங்குங்கள். கையுறை ஒரு ஜோடியும் சேர்த்து.